வலது கைப் பக்கம் இருப்பது இடது எஞ்சின்

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய். நான் நலம், இந்த விமானப் பணிப்பெண் பயிற்சி விடுதியின் சாப்பாடு நலமில்லை. அக்காவின் குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா என்று எழுது.

"தட்டு ஏந்தப் போகிறவளுக்கு இறக்கையின் கணக்கு எதற்கு?" என்று கேலி செய்திருந்தாய். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான் என்பதால் சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அதற்கு முன்னால், உன் டியூஷன் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர வேண்டி வேகமாக ஓடுகிறது என்று சொல்லிக்கொடுக்கிறாயே, அது தவறு. மேற்காற்று வேகமாகப் போவது உண்மை. ஆனால் அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை, கீழ்க்காற்றை முந்திக்கொண்டு போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிர்வினையாகத் தான் மேலே தள்ளப்படுகிறது. டவுன் பஸ் ஜன்னலில் கையை நீட்டி நடத்துநரிடம் திட்டு வாங்குவோமே, அப்போது உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்தால் கை தானாக எழும்புமே, அதேதான். அளவுக்கு மீறிச் சாய்த்தால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். அதற்குப் பெயர் ஸ்டால். ஃபிளாப், ஸ்பாய்லர், எய்லரான் என்று இறக்கையின் அசையும் பாகங்களின் பெயர்களையெல்லாம் இரண்டே இரவில் உருப்போட்டு, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன்.

செவ்வாயன்று மாதிரி விமானத்துக்குள் பயிற்சி. முன்கதவை ஒட்டிய பணியாளர் இருக்கையில் என்னை உட்கார வைத்து, என் வலது கைப் பக்கத்து ஜன்னலைக் காட்டி, "அங்கே எஞ்சினில் தீ தெரிகிறது, விமானிக்குத் தகவல் சொல்" என்றார் பயிற்சியாளர். நான் போனை எடுத்து, "வலது எஞ்சினில் தீ" என்று கணீரென்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அந்த இருக்கை விமானத்தின் வாலைப் பார்த்தது. இடம், வலம் எல்லாம் மூக்கை நோக்கி நிற்பவருக்கு உரியவை. எனவே என் வலது கைப் பக்கம் இருந்தது இடது எஞ்சின்.

பிறகு அவர் 1989 ஜனவரி 8 அன்று நடந்ததைச் சொன்னார். லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன ஒரு போயிங் 737-400-இல், இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று உடைந்து விமானம் அதிரத் தொடங்கியது. விமானிகள் பழுது வலது எஞ்சினில் என்று கருதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதை நிறுத்திவிட்டார்கள். அதிர்வும் தற்செயலாகக் குறைந்ததால் அவர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் பயணிகளுக்கு அறிவித்தார். பின்பகுதியில் இருந்த பயணிகள் பலர் இடது எஞ்சினிலிருந்து தீ கக்கியதைக் கண்டிருந்தார்கள். பணியாளர்களிலும் மூன்று பேர் கண்டிருந்தார்கள். அந்தச் செய்தி விமானி அறைக்குப் போகவேயில்லை. கெக்வொர்த் என்ற ஊருக்கு அருகே, தரையிறங்கும் பாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக் கரையில் விமானம் விழுந்தது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

குண்டூசி, எனக்கு உடனே குற்றாலம் வேன் நினைவுக்கு வந்தது. பின்சக்கரத்துப் பக்கமிருந்து வந்த கருகல் வாடையை முதலில் முகர்ந்தது நீயும் நானும்தான். டிரைவருக்குத் தெரியாததா, நாம் சொல்லி அவர் முறைப்பதா என்று முறுக்கைத் தின்றுகொண்டே வந்தோம். தென்காசிக்கு முன்னால் அந்தச் சக்கரம் நம்மை என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதே 1989-இல் மார்ச் 10 அன்று, கனடாவின் டிரைடன் நகரில், ஒரு ஃபாக்கர் விமானம் இறக்கைமேல் பனி படிந்தபடியே கிளம்பி, எழும்ப முடியாமல் காட்டுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். பணிப்பெண் ஒருவர் அந்தப் பனியைப் பார்த்திருந்தார். அது விமானிகளின் வேலை, நாம் சொன்னால் விரும்பமாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். இறக்கையின் மேற்பரப்பில் சொரசொரப்பாகப் படியும் மெல்லிய பனிகூடக் காற்றை முன்னதாகவே பிரித்துத் தூக்குவிசையைக் கெடுத்துவிடும் என்பதை மனப்பாடமாக அல்லாமல் உண்மையாகவே அறிந்தவள்தான் அந்த நேரத்தில் தயக்கத்தை உதறிவிட்டுப் போனை எடுப்பாள். தட்டு ஏந்துகிறவளுக்கு இறக்கையின் கணக்கு எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

ஆனால் ஒரு கவலை தீரவில்லை. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது தேவையில்லாமல் விமானிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் விதி. பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உடனே சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. எது தேவை, எது தொந்தரவு என்பதைப் புறப்படும் அந்தச் சில விநாடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டியவள் நான். அதுவும், வகுப்பில் சந்தேகம் கேட்கக்கூட உன் முழங்கையைக் கிள்ளி உன்னை எழுப்பிவிட்ட நான்.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதுவரை இரவில் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வலது கையை உயர்த்தி "இடது எஞ்சின்" என்று சொல்லிப் பழகுகிறேன். அறைத்தோழி இதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, நேற்று தன் வீட்டிலிருந்து வந்த திருநீற்றுப் பொட்டலத்தை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் ஒட்டடைக்குச்சி