அண்ணனின் நல்ல கை

கோத்தகிரி

அன்புள்ள மணிக்கு,

பொங்கல் வாழ்த்துக்குக்கூட நான் பதில் எழுதவில்லை. அதற்கான வசவை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள். அண்ணனைத் தவிர வீட்டில் அனைவரும் நலம்.

மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து அவருக்கு இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்ட செய்தியை ஜேம்ஸ் சொல்லியிருப்பான். நடை ஓரளவு திரும்பிவிட்டது. இப்போதைய சிக்கல் வலக்கையில். தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் பேரேடு எழுதியவர், நம் இருவருடைய காதல் கடிதங்களையும் முத்துமுத்தாகப் படியெடுத்துக் கொடுத்தவர், ஓய்வூதியப் பணம் எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். "வலது கைதான் நன்றாக இருக்கிறதே, பெரியவரே" என்றார்களாம். சட்டைப் பொத்தான் போடத் திணறினால் அண்ணியும் அதையே சொல்கிறார்.

நன்றாக இல்லை, மணி. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் மறுபக்கம் தாண்டினாலும், ஏறக்குறைய 10 விழுக்காடு தாண்டாமல் அதே பக்கத்திலேயே இறங்குகிறது. அதைவிட முக்கியமானது, ஒரு கையின் நுட்பமான அசைவுக்கு மூளையின் இரு பாதிகளும் சேர்ந்தே உழைக்கின்றன என்பது. அமெரிக்காவில் ராபர்ட் செயின்பர்க் குழுவினர், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில், இடப்பாதி பழுதானால் இடக்கை செல்லும் பாதை கோணுவதையும், வலப்பாதி பழுதானால் வலக்கை சேரவேண்டிய இடத்தில் சரியாக நிலைகொள்ளாததையும் கண்டிருக்கிறார்கள். அண்ணனின் பொத்தான் துளையைத் தவறவிடுவது எனக்கு இந்த இரண்டாவது வகையாகவே படுகிறது.

நார்வே நாட்டு நரம்பு உடற்கூறியல் பேராசிரியர் ஆல்ஃப் ப்ரோடால் 1972இல் அண்ணனைப் போலவே வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டு இடப்பக்கம் தளர்ந்தவர்; வாதம் தொடாத தம் வலக்கையின் எழுத்து மாறிப்போனதைத் தாமே கவனித்து 1973இல் கட்டுரையாகவும் எழுதினார். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் என்னை விட்டுவிட்டு அண்ணியைத்தான் பார்த்தார், வழக்கில் வென்றவரைப் போல.

இங்கே வரும் பிசியோதெரபிக்காரர் இடக்கையை மட்டுமே பிடித்து நீட்டி மடக்குகிறார். நாள் முழுதும் அண்ணனுக்குச் சோறூட்டுவதும் கைத்தடி பிடிப்பதும் வலக்கைதான். அதற்குப் பயிற்சி வேண்டாமா என்று கேட்டால் சிரிக்கிறார். உன் மருமகள் அந்தத் துறையில் இருக்கிறாள் அல்லவா? விரல் நுணுக்கத்துக்கு என்ன பயிற்சிகள் கொடுக்கலாம் என்று கேட்டு உடனே எழுது. என்னைப் போல் தாமதிக்காதே.

அன்புடன்,
ராஜு