வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஐயாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கையால்தான் தட்டுகிறேன். இடது கை இன்னும் துணியில் தொங்குகிறது, அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளிலிருந்து எங்கே விழுந்தேன், எப்படி விழுந்தேன் என்பதெல்லாம் எங்கள் பேராக் சுங்கை சிப்புட்டில் என்னைவிட மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. போன வாரம் முடிவெட்டப் போன இடத்தில் என் கதையை எனக்கே ஒருவர் சொன்னார், அதில் யானை வேறு வந்தது. யானை இல்லை. அதற்குமேல் அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லோரியை அப்படியே நடுச் சடக்கில் நிறுத்திவிட்டு, தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் தலைக்குக் கீழே வைத்த இந்தோனேசியத் தம்பி, ஆம்புலன்ஸ் வழி தவறாமல் இருக்கத் தோட்டத்து வாசலிலிருந்து மோட்டாரில் முன்னால் வந்த மலாய்க்காரப் பையன், இரண்டு இரவு பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிய என் மைத்துனர், ரத்தம் கொடுக்கிறோம் என்று பத்துப் பேராக வந்து நின்று, தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம், மூன்று வாரமாக எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்க விடாத பக்கத்து வீட்டு அக்கா (அக்கா, ரசம் இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தால் எனக்குச் சம்மதம்தான்), அம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், செய்ததைச் சொல்லாமலே இருந்தவர்கள், கூலியே வேண்டாம் என்ற சைக்கிள் கடை முதலாளி தவுக்கே. எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத வேண்டும், தெரியும். ஒரு கைதானே இருக்கிறது, கோபப்படாதீர்கள்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக. அவர் என்னைத் தூக்கவில்லை, நான் விழுந்ததைப் பார்க்கவும் இல்லை. என் வண்டியைத்தான் தூக்கினார்.

என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய அவசரத்தில் சைக்கிளை யாரும் நினைக்கவில்லை, நினைத்திருக்கவும் முடியாது. மறுநாள் காலை மகன் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்கள், பழைய இரும்புக்கு எடைபோட்டிருப்பார்கள் என்றுதான் எல்லாரும் முடிவு கட்டினோம். உண்மையில் அது இரும்பு இல்லை, அலுமினியம். 26 இன்ச் சக்கரம் போட்ட மலை சைக்கிள், இப்போதெல்லாம் கடையில் 29தான் கிடைக்கிறது, என்னுடையது அதற்கு முந்தைய காலத்து வண்டி, பதினான்கு கிலோ. என் மனைவி, "போனால் போகட்டும், ஆள் இருக்கிறதே" என்றாள். குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாம் நாள் மனைவியின் போனுக்கு ஒரு பெண் குரல். "அங்கிள் சைக்கிள் எங்க தாத்தா வீட்டுல இருக்கு, வந்து எடுத்துக்கிறீங்களா?" பிரேமுக்கு அடியில் நான் ஒட்டிவைத்த நம்பர், பாதி கிழிந்தது, அதை அந்தப் பிள்ளை வெளிச்சத்தில் காட்டிக் காட்டி வாசித்திருக்கிறாள். வாரக் கடைசிக்குக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறாள். அவள் வரும்வரை தாத்தா வண்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

மகன் போனான். அந்தத் தோட்டத்தில் லயத்து வீடுகள் இன்னும் ஒரு வரிசைதான் மிச்சம், பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நம் ஆட்கள் நாலைந்து குடும்பம் இருந்தால் அதிகம். ஐயா வீட்டு முன்கூடத்தில், முருகன் படத்துக்கு நேர் கீழே, கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் வண்டி நின்றிருக்கிறது. செம்மண் ஒரு துளி இல்லாமல் கழுவித் துடைத்திருக்கிறார். ஹேண்டல்பாரில் மூன்று பட்டை விபூதி. பக்கத்தில் தமிழ்ப் பேப்பரில் ஒரு பொட்டலம், அதில் என் தண்ணீர் பாட்டில், உடைந்த பின்விளக்கு, கையடக்கப் பம்பு, ஒரு சப்பாத்து. ஒரு சப்பாத்துதான். மற்றது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, யாராவது பார்த்தால் சொல்லுங்கள், 42 சைஸ், வலது கால்.

சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தார். சைக்கிள் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். செம்மண் தூசியை அது சும்மா விடாது, இரண்டே நாளில் களிமாதிரி ஆக்கிவிடும். நான் இன்னும் அதைத் துடைக்கவில்லை. தவுக்கே துடைக்கப் போனார், தடுத்துவிட்டேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இனிதான் விஷயம்.

இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்த பிறகு, தூக்கம் வராத ஓர் இரவில், கூடத்தில் சாய்த்து வைத்திருந்த வண்டியின் மீட்டரை அழுத்திப் பார்த்தேன். சும்மாதான். அன்றைய ஓட்டம் இன்னும் அழியாமல் இருந்தது. 122.0 கிலோமீட்டர் என்று காட்டியது. எனக்கு என்னவோ இடித்தது. போனை எடுத்து அதில் பதிவான பாதையைப் பார்த்தேன், விழுந்த இடம்வரை எண்ணினால் 118 சொச்சம்தான். (போன் என் சட்டைப்பையில் இருந்ததால் என்னோடு ஆம்புலன்ஸில் ஏறி மருத்துவமனைவரை போயிருக்கிறது, அந்தப் பகுதியில் நான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்ததாகப் பதிவு, என் வாழ்நாள் சாதனை.) போனுக்கும் மீட்டருக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன வரும், டயரின் சுற்றளவை நாம் எவ்வளவு என்று போட்டுவைக்கிறோமோ அதைப் பொறுத்தது அது. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வராது. அப்புறம் சராசரி வேகத்தைப் பார்த்தேன். கடைசியாகத் தண்ணீர் குடிக்க நின்றபோது 18.7 இருந்தது, என் வயதுக்குக் கொஞ்சம் பெருமையான எண், அதனால் நன்றாக ஞாபகம். இப்போது 16.3. ஓட்டிய நேரமும் ஒரு மணிக்கு மேல் கூடியிருந்தது.

மீட்டரின் காந்தம் முன்சக்கரக் கம்பியில் இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் எண்ணிக்கை, யார் சுற்றினாலும் அது எண்ணும். என் டயருக்குச் சுற்றளவு 2,055 மில்லிமீட்டர். பின்சக்கரமோ சுற்றவே சுற்றாது, ஏனென்றால் விழுந்த வேகத்தில் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து (பிரேமைக் காப்பாற்ற அதுதான் முதலில் ஒடிய வேண்டும் என்று மென்மையான உலோகத்தில் செய்வது, தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது) கியரே சக்கரக் கம்பிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மகன் காடியில் (காரில்) படுக்கவைத்துக் கொண்டுவந்தான், அதில் சக்கரம் சுற்றியிருக்காது. அப்படியென்றால் மிச்சம் ஒரே ஒரு வழிதான். யாரோ வண்டியின் பின்பக்கத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு, 3.4 கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல். சக்கரம் 1,650 தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது.

ஐயாவுக்கு 74 வயது.

நம்பமுடியாமல் மறுநாள் மகனிடம் சொன்னேன், சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்வா பார்ப்போம் என்று. படிவம் ஆறு படிக்கிறான், பள்ளியில் பூப்பந்து ஆடுகிறவன். எங்கள் தாமான் வளைவுவரை போய்வர 200 மீட்டர் இருக்கும், தார்ச் சடக்கு, ஏற்றம் இல்லை. மூன்று தடவை கீழே வைத்தான். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். அதனால் மீட்டரில் இப்போது 122.2 இருக்கிறது, அந்த 0.2 அவன் கணக்கு.

நேற்று ஐயாவைப் பார்க்கப் போனோம். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன், ஆறிவிட்டால் எழுத வராது. வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் முதலில் கையைத்தான் தொட்டுப் பார்த்தார், பிறகு "சைக்கிள் ஓடுதா?" என்றார். எங்கே கிடந்தது ஐயா, எவ்வளவு தூரம் தூக்கிவந்தீர்கள் என்று கேட்டேன். "இங்கதான் தம்பி, பக்கத்துல. அரைக் கட்டை இருக்கும்."

கட்டை என்றால் மைல், அரைக் கட்டை ஒரு கிலோமீட்டர்கூட ஆகாது. இரண்டு கட்டைக்கு மேல் நடந்துவிட்டு அரைக் கட்டை என்கிறார். மீட்டர் சொல்லிவிட்டது ஐயா என்று நான் சொல்லவில்லை, அந்த நேரத்தில் தொண்டை அடைத்துவிட்டது. ஏன் ஐயா இதெல்லாம் என்று மட்டும் கேட்டேன். இதை எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல் பார்த்தார். "ஆள லோரிக்காரன் பாத்துக்கிட்டான், ஆம்புலன்ஸ் வந்து ஏத்திக்கிச்சுன்னு சொன்னானுங்க. வண்டி தனியா கெடக்குன்னாங்க. மழ வர்ற மாதிரி இருந்துச்சு. ராத்திரி லோரி வரும், இருட்டுல ஏத்திட்டான்னா? அப்புறம் நீ வந்து கேப்பல்ல." அவ்வளவுதான். நான் திரும்பி வருவேனா இல்லையா என்று அன்றைக்கு மருத்துவமனையில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டார்ச்லைட்டை வாயில் கடித்துக்கொண்டு செம்பனை நிரை நடுவே நடந்த இவருக்கு மட்டும் நான் வந்து கேட்பேன் என்பதில் சந்தேகமே இல்லை.

தோள் வலிக்கவில்லையா என்றதற்கு, "காண்டா வாளி தூக்குன தோளு" என்று சிரித்தார். என் அப்பாவும் பால் வெட்டியவர்தான். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு பக்கமும் வாளி நிறைய ரப்பர்ப் பாலோடு, தளும்பாமல் நடக்கிற அந்த நடையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாங்கள் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் இறுக்கமான சட்டையும் போட்டுக்கொண்டு தூரம், தூரம் என்று பேசுகிறோமே, அது எனக்கு நேற்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

காசு நீட்டத் துணிச்சல் வரவில்லை. கோப்பித்தூளும் பிஸ்கட் டின்னும் கொண்டுபோயிருந்தோம். கோப்பியை வாங்கிக்கொண்டார், பிஸ்கட்டை உடனே பிரித்து எங்களுக்கே கொடுத்துவிட்டார். பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை.

இனி சைக்கிளை விட்டுவிடுவாய்தானே என்று கேட்கிறவர்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். விடமாட்டேன். விடியுமுன் கிளம்பிக் கோலகங்சார் போய், 1877இல் நட்டதில் மிஞ்சி நிற்கும் அந்த ரப்பர் மரத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, செண்டெரோ ஏரிப் பக்கமாக லெங்கோங்வரை மிதித்து, வெயில் ஏறும்போது திரும்புவது எனக்கு வேறு எதிலும் கிடைக்காத ஒன்று. ரோட் பைக் வாங்கு, லேசாக இருக்கும், தார்ச் சடக்கோடு நிறுத்திக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மொட்டு டயர் தாரில் இழுக்கும்தான், நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் உள்ளங்கை மரத்துப்போகும்தான். ஆனால் மெல்லிய டயரோடு தோட்டத்துச் செம்மண்ணில் நுழைய முடியாது, நுழைந்திருக்காவிட்டால் இப்படி ஒருவர் எட்டுப் பத்து கிலோமீட்டரில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் சிலது மாறும். மாலை நாலு மணிக்குமேல் தனியாகத் தோட்டத்துக்குள் போகமாட்டேன், இது மனைவிக்குக் கொடுத்த வாக்கு, எழுத்தில் கேட்டாள், இதோ எழுத்தில். எந்த வழி போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். உதிரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கும். போன் நம்பரைப் பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்கு, மூன்று இடத்தில் ஒட்டுவேன்.

டாக்டர் இன்னும் இரண்டு மாதம் என்கிறார். கை சரியானதும் முதல் ஓட்டம் லெங்கோங் இல்லை, ஐயா வீடுதான். விழுந்த இடத்திலிருந்து அவர் வாசல்வரை இறங்கித் தள்ளிக்கொண்டே போவதாக இருக்கிறேன். அதுவரை மீட்டரைச் சைபராக்கமாட்டேன்.

ஐயாவின் பேத்திக்கு இதை அனுப்பியிருக்கிறேன். பாப்பா, தாத்தாவுக்கு வாசித்துக் காட்டு. 3.4 வரும் இடத்தில் கொஞ்சம் சத்தமாக வாசி. அரைக் கட்டை என்று மறுபடியும் சொன்னால் நம்பாதே.