‘முழுமையாக’ என்ற அந்த ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ருஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலை அறிமுகப்படுத்திய கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் ஒரு வாக்கியம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை என்று புல்ககோவ் சொன்னது அவருக்கே பலித்தது என்றும், 1966இல் சோவியத் பத்திரிகை ஒன்றிலேயே நாவல் முழுமையாக வெளிவந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். உங்கள் இதழில் அச்சானதை மாணவர்கள் அப்படியே எடுத்து ஆய்வேட்டில் போடுவார்கள். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

நாவல் முழுமையாக வரவில்லை, ஐயா. ‘மஸ்க்வா’ மாத இதழ் 1966 நவம்பரில் முதல் பாகத்தை வெளியிட்டது. டிசம்பரை விட்டுவிட்டு 1967 ஜனவரியில் இரண்டாம் பாகத்தைப் போட்டது. நாவலில் சுமார் 12 சதவீதத்தை வெட்டி எறிந்த பிறகுதான் இந்த இரண்டும். எதை வெட்டினார்கள் என்று பார்த்தாலே அவர்கள் பயம் எதுவென்று தெரிந்துவிடும். 15ஆம் அத்தியாயத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவர் நிக்கனோர் இவனோவிச் ஒரு கனவு காண்கிறார். நாற்காலியே இல்லாத நாடக அரங்கு. தாடி வளர்ந்த ஆண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் நிற்பவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒளித்து வைத்திருக்கும் அன்னியச் செலாவணியைக் கொடுத்துவிடும்படி நயமாகக் கேட்கிறார். தங்கமும் டாலரும் வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டவர்களை ரகசிய போலீஸ் அள்ளிக்கொண்டு போய் அடைத்து வைத்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு அது கனவாகத் தோன்றியிருக்காது. அந்தக் கனவு போயிற்று. 28ஆம் அத்தியாயத்தில் அன்னியச் செலாவணிக்கு மட்டும் பொருள் விற்கும் தோர்க்சின் கடைக்குள் பெகிமோத் என்ற பூனை புகுந்து, மாண்டரின் ஆரஞ்சுகளைத் தோலோடு விழுங்குகிறதே, அந்தப் பகுதியும் போயிற்று.

வெட்டுப்பட்ட பகுதிகளை மாஸ்கோ வாசகர்கள் தட்டச்சு செய்து, எந்தப் பக்கத்தில் எங்கே சேர்க்க வேண்டும் என்ற குறிப்போடு ரகசியமாகக் கைமாற்றிக்கொண்டார்கள். 1967இல் பாரிசில் ஒய்எம்சிஏ பிரஸ் நூலாக வெளியிட்டது. 1969இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்த பதிப்பு, மாஸ்கோவில் நீக்கியவற்றைச் சாய்வெழுத்தில் அச்சிட்டுக் காட்டியது. சோவியத் நாட்டில் வெட்டில்லாத பதிப்பு வந்தது 1973இல். ‘முழுமையாக’ என்று போகிற போக்கில் எழுதும்போது இத்தனை பேரின் உழைப்பும் அழிந்துபோகிறது.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற வாசகம். அதை நாவலில் சொல்பவன் வோலண்ட், அதாவது சாத்தான். 24ஆம் அத்தியாயத்தில் பூனை நாற்காலியை விட்டுக் குதிக்கிறது. அது உட்கார்ந்திருந்த இடத்தில், மாஸ்டர் என்ற எழுத்தாளர் எரித்துவிட்ட நாவல் பிரதி கட்டாக இருக்கிறது. சாத்தானால் அது முடியும். புல்ககோவின் பிரதியோ நிஜமாகவே எரிந்தது. 1928இல் தொடங்கிய முதல் வடிவத்தைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டதாக 1930 மார்ச் 28 தேதியிட்டு அரசுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நோட்டுகளில் தாள்களைக் கிழித்துப் போட்டதுபோக மிஞ்சிய துண்டுகளிலிருந்து மரியெத்தா சுதகோவா என்ற ஆய்வாளர் பிற்காலத்தில் அந்த வரைவைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பின் ஏப்ரல் 18 அன்று ஸ்டாலினிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பை, ஸ்டாலின் ஒரு எழுத்தாளரைக் காப்பாற்றிய கதையாகத் தமிழில் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் கட்டுரையிலும் அதே தொனி. கவிஞர் மாயகோவ்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொண்டு நான்கே நாள் ஆகியிருந்தது. அழைப்பால் கிடைத்தது மாஸ்கோ கலை நாடக அரங்கில் உதவி இயக்குநர் வேலை. அச்சில் ஒரு கதைகூட அதன்பின் அவர் உயிரோடு இருக்கும்வரை வரவில்லை. மோலியேரைப் பற்றி அவர் எழுதி, வருடக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகம் 1936இல் ஏழே காட்சிகளில் நிறுத்தப்பட்டது. இதைக் காப்பாற்றியது என்று எழுத எப்படி மனம் வருகிறது?

பிறகு புதிதாக எழுதிப் பிழைத்த பிரதியின் கதை வேறு. 1938இல் மனைவியின் சகோதரி ஓல்கா பொக்ஷான்ஸ்கயா ஜூன் மாதத்தோடு நாவலைத் தட்டச்சு செய்து முடித்தார். அடுத்த வருடம் சிறுநீரக நோயில் புல்ககோவின் பார்வை போனது. அவர் சொல்லச் சொல்லத் திருத்தங்களை எழுதியவர் மனைவி எலேனா செர்கேயெவ்னா. 1940 பிப்ரவரி நடுவில், நாவலின் தொடக்கத்தில் இறந்துபோகும் பத்திரிகை ஆசிரியர் பெர்லியோஸின் சவ ஊர்வலம் வரும் இடத்தில், வேலை நின்றது. மார்ச் 10 அன்று அவர் இறந்தார். அதனால்தான் பின்பகுதியில் ஒன்றுக்கொன்று ஒட்டாத விவரங்கள்: மாஸ்டர் மருத்துவமனை அறையில் இறக்கிறார், நிலவறை வீட்டிலும் இறக்கிறார். ‘மாய யதார்த்த உத்தி’ என்று கட்டுரையாளர் வியந்திருப்பது, திருத்தி முடிக்க ஆயுள் இல்லாமல் போனதன் தடயம்.

உண்மையான உத்தியை அவர் கவனிக்கவே இல்லை. 13ஆம் அத்தியாயத்தில் அக்டோபர் மாத இரவொன்றில் காதலி மார்கரீட்டா கிளம்பிய கால் மணி நேரத்தில் மாஸ்டரின் ஜன்னலை யாரோ தட்டுகிறார்கள். பிறகு நடந்ததை அவர் அதே மருத்துவமனையில் இருக்கும் கவிஞன் இவானின் காதில் மட்டும் சொல்கிறார், நமக்குக் கேட்பதில்லை. மறுபடி கேட்கும்போது ஜனவரி. அதே மேல்கோட்டு, பொத்தான்கள் மட்டும் பிய்ந்திருக்கின்றன. சிறைக்குள் போகிறவனின் உடையிலிருந்து பொத்தான்களை அறுத்துவிடுவார்கள் என்பது அன்றைய ருஷ்ய வாசகனுக்குத் தெரியும். கைது என்ற சொல்லே இல்லாமல் கைது எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலம் வழியாகத் தமிழில் எழுதுகிறவர்கள் எந்தப் பிரதியை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று சொல்வதே இல்லை. 1967இல் வந்த இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மிர்ரா கின்ஸ்பர்க்குடையது வெட்டுப்பட்ட பத்திரிகைப் பிரதியைப் பின்பற்றியது; மைக்கேல் க்ளென்னிக்கு அதைவிட முழுமையான பிரதி கிடைத்தது. கையில் இருப்பது எது என்று தெரிய, 15ஆம் அத்தியாயத்தைத் திறந்து அந்தக் கனவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கட்டுரையாளர் தந்திருக்கும் கதைச் சுருக்கத்தில் கனவும் இல்லை, தோர்க்சினும் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ‘முழுமையாக’ என்ற சொல்லை நீக்கி, 1973 என்ற ஆண்டைச் சேர்த்து நான்கு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி எந்த அயல்மொழி நூலைப் பற்றி எழுதினாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பதிப்பாண்டையும் கட்டுரையின் கீழே அச்சிடுங்கள். எலேனா செர்கேயெவ்னாவின் பெயரும் அந்தத் திருத்தத்தில் வரட்டும். பிரதியை முப்பது வருடம் காத்துவைத்தவர் அவர். 1970இல் இறந்தார், 1973 பதிப்பை அவர் பார்க்கவில்லை. கட்டுரையில் ‘புல்ககோவின் மனைவி’ என்று மட்டும் இருக்கிறது.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
மதுரை