கொண்டை ஊசி வளைவுக்கு யார் கூலி கொடுப்பது?

ஏற்காடு,
ஜனவரி 2026.

அன்புள்ள முருகேசா,

இங்கு எல்லோரும் நலம். நீயும் தங்கையும் நலம்தானே? மணியார்டரை எலி தின்ற கதையை உன் பேரனிடம் சொன்னாயாம். அதில் என் பெயரை ஏன் இழுத்தாய் என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது இதை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அம்மாவின் காதுக் கருவி பழுதாகிவிட்டது. பெரியவன் பெங்களூரில் புதியது வாங்கிக் கூரியரில் அனுப்பினான். நான் களத்தில் காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டு நிற்கிறேன், கைப்பேசியில் செய்தி வருகிறது: "முகவரியில் ஆள் இல்லை." நாய்கூடக் குரைக்கவில்லையே! கூப்பிட்டுக் கேட்டால், "மலைக்கு வண்டி என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது சார், கீழே சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறான் பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பொட்டலத்துக்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அவனுக்குப் பெட்ரோல் காசுகூடத் தேறாது. கடைசியில் நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். அதற்குள் அம்மாவுக்கு இதை விளக்க நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த எரிச்சலில்தான் 2023 அஞ்சலகச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். 1898 சட்டப்படி கடிதம் சுமக்கும் உரிமை அரசுக்கு மட்டும்தான். கூரியர்காரர்கள் அதை ஒருநாளும் மதித்ததில்லை என்பது வேறு கதை. 2024 ஜூன் 18 முதல் அந்தத் தனியுரிமை போய்விட்டது, தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிச்சம். கதவைத் திறந்தார்கள், சரி. உள்ளே வருகிறவனுக்கு என்ன விதி? மலைக்கும் போ என்று அவனிடம் யார் சொல்வது? தொலைபேசிக்கு டிராய் என்று ஓர் ஒழுங்குமுறை ஆணையம் வைத்த நாட்டில் தபாலுக்குத் தனி ஆணையம் இல்லை. உங்கள் அஞ்சல் துறையின் தலைமை இயக்குநரே கட்டணம் வைப்பார், ஒழுங்குமுறை எழுதுவார், கடையும் நடத்துவார்! பொருள் தொலைந்தால் கூரியர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உங்கள் துறை தொலைத்தாலோ, விதிகளில் ஏற்றுக்கொண்டதற்கு மேல் பொறுப்பில்லை என்று 10-ஆம் பிரிவு கைகழுவிவிடுகிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, மேலே படி.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே போஸ்ட்காம் என்ற ஆணையத்தை அமைத்துவிட்டு, 2006-இல்தான் சந்தையை முழுதாகத் திறந்தார்கள். வாரம் ஆறு நாள் பட்டுவாடா, நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பது ராயல் மெயிலின் கடமை என்று எழுதியும் வைத்தார்கள். வந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? வங்கிகளின் மொத்தக் கடிதங்களை அள்ளிக்கொண்டு, வாசல்வரை நடக்கிற வேலையை ராயல் மெயிலிடமே கூலிக்கு விட்டார்கள். இப்போது அந்தக் கடமையும் தேய்கிறது. போன ஜூலை முதல் அங்கே இரண்டாம் வகுப்புக் கடிதம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். டென்மார்க் இன்னும் ஒருபடி மேலே போய், 2024 முதல் கடமையையே நீக்கிவிட்டது. போன டிசம்பர் 30-ஆம் தேதியோடு அங்கே அரசு அஞ்சல் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது, தெரியுமா?

எனக்குப் பயமே இதுதான். எங்கள் கிளை அஞ்சலக அம்மாவைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கதவு எண் இல்லாத ஊரில் ஒரே பெயரில் மூன்று சின்னப்பொண்ணு. எந்தக் கடிதம் எவள் வீட்டுக்கு என்று அனுப்பியவர் ஊரைப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த வேலையை எந்த லாபக் கணக்கில் எழுதுவார்கள்? நகரத்துக் காசெல்லாம் கூரியருக்குப் போய், மலை மட்டும் துறைக்கு மிஞ்சினால், அந்த அலுவலகத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? செப்டம்பரில் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்தபோதே எனக்கு உறுத்தியது.

ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. அரசு பணம் கொடுக்கலாம், அல்லது சந்தையில் சம்பாதிக்கிற எல்லோரிடமும் பங்கு வாங்கி நிதி அமைக்கலாம். நான் இரண்டாவது கட்சி. அதை வசூலிக்கத் துறைக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நீ ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் அஞ்சல் பிரிவில் காலம் முழுக்கத் தபால் மூட்டை பிரித்தவன், சங்கத்தில் மைக் பிடித்தவன். ஆணையம் வேண்டுமா, வேண்டாமா? கணக்கோடு எழுது. "துறையைக் காப்போம்" என்று ஆரம்பித்தால் மேலே படிக்கமாட்டேன்.

கோடை விழாக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதே, ஜூனில் வா. சின்னவளுக்கு வரன் அமைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

உன்,
செல்வராஜ்