ஸ்கார்ப்பியோவில் அனுப்பாதீர்கள்: ராணுவ வண்டி செய்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆவடியிலும் அகமதுநகரிலும் ராணுவ வண்டி வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எந்தப் படைக்கு எந்த வண்டி என்று டெல்லியில் முடிவெடுக்கும் உள்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி பக்கம். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ராணுவத்திலோ சி.ஆர்.பி.எஃப்.பிலோ பிள்ளை இருக்கும் வீடு கண்ணில் படும். அவர்கள் ஏறும் வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாவோயிஸ்டுகள் புதைத்த குண்டு வெடித்து இறந்தவர்களின் கணக்கு இது. 2025 ஜனவரி 6, சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டம்: மாவட்ட ரிசர்வ் காவலர்கள் 8 பேர், ஒரு டிரைவர், வண்டி ஸ்கார்ப்பியோ. 2023 ஏப்ரல் 26, தந்தேவாடா மாவட்டம் அரன்பூர்: காவலர்கள் 10 பேர், ஒரு டிரைவர், வண்டி சாதாரண வேன். 2019 மே 1, மகாராஷ்டிராவின் கட்சிரோலி: கமாண்டோக்கள் 15 பேர், ஒரு டிரைவர், அதுவும் தனியார் வண்டி. மூன்று இடத்திலும் இறந்த டிரைவர் படையில் சம்பளம் வாங்கியவர் கூட இல்லை. கண்ணிவெடி புதைந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த சாலையில் கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் ஆட்களை அனுப்பியிருக்கிறோம்.

வழி தெரியாமல் நடந்ததா இது? 1970களில் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) ஃபோக்ஸ்வாகன் வேனின் என்ஜினையும் பாகங்களையும் எடுத்து, உயரத்தில் ஒரு இரும்புக் கூட்டை மாட்டி 'லெப்பர்ட்' என்று வண்டி செய்தார்கள். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் பஃபல், காஸ்பிர் என்று கண்ணிவெடி தாங்கும் வண்டிகள் வந்தன. தத்துவம் ஒன்றுதான். தட்டையான அடித்தகடு வெடியின் மொத்த அடியையும் வாங்கிக்கொள்ளும். கரையில் ஏற்றி வைத்த வல்லத்தின் ஏராவை, அதாவது படகின் அடிக்கட்டையைப் போல அடி கூராக இருந்தால் அந்த அழுத்தம் இரண்டு பக்கமும் சிதறிப் போகும். வண்டி தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும், சக்கரமும் ஆக்சிலும் பிய்த்துக்கொண்டு போனாலும் ஆள் இருக்கும் கூடு முழுசாக நிற்க வேண்டும். காஸ்பிர் சக்கரத்துக்கு அடியில் 21 கிலோ டி.என்.டி.யையும் நடு அடியில் 14 கிலோவையும் தாங்கும். அதே காஸ்பிரை ஏறிக்கொண்டு வந்துதான் நிறவெறிப் போலீஸ் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது, அதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கா இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தது. ஈராக்கில் ஹம்வீ என்ற ராணுவ ஜீப்புக்குள் ஆட்கள் செத்த பிறகு 2007இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இப்படிப்பட்ட வண்டி வாங்குவதுதான் முதல் வேலை என்று உத்தரவு போட்டார், அந்த வகையில் 27 ஆயிரத்துக்கு மேல் வண்டிகள் வந்தன.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. காஸ்பிரை வாங்கினோம், மேடக்கிலும் ஜபல்பூரிலும் அதே வழியில் எம்.பி.வி. (கண்ணிவெடி தாங்கும் வண்டி) செய்தோம், 2021இல் கல்யாணி எம்4 என்ற கவச வண்டிக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்தது.

உடனே நீங்கள் சத்தீஸ்கரின் சுக்மாவைச் சொல்வீர்கள். 2018 மார்ச் 13 அன்று கிஸ்தாராம் பக்கம் எம்.பி.வி.யே வெடித்து சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 9 பேர் போனார்கள். பீஜப்பூரில் புதைத்தது 60 கிலோவுக்கு மேல் என்றார்கள், அதை எந்த வண்டியும் தாங்காது என்பீர்கள். சரி, நேராக அடியில் வெடித்தால் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் குண்டும் 60 கிலோ இல்லை, எல்லாமே நேராக வண்டிக்கு அடியில் வெடிப்பதும் இல்லை. ஒரு நொடி முந்தியோ பிந்தியோ வெடித்தால் ஸ்கார்ப்பியோவில் இருப்பவனுக்கு அப்போதும் வழியில்லை, எம்.பி.வி.க்குள் இருப்பவனுக்கு உண்டு. எம்.பி.வி. தோற்றால் அதைத் திருத்த வேண்டும், ஓரங்கட்டிவிட்டு வேனைப் பிடிக்கக் கூடாது.

திருத்த வேண்டிய முதல் இடம் சீட். தகட்டின் கனத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உள்ளே உட்காருகிறவனின் முதுகெலும்பைப் பற்றிப் பேச ஆளில்லை. வெடித்ததும் தரைத்தகடு கண் இமைக்கிற நேரத்துக்குள் மேலே எகிறும். அதில் பதிந்திருக்கும் காலின் குதிகால் எலும்பு நொறுங்கும், சீட்டைத் தரையில் போல்ட் போட்டிருந்தால் அதே அடி இடுப்பு வழியாக முதுகுக்கு ஏறும். வண்டி எகிறி விழும்போது இரண்டாவது அடி, பெல்ட் போடாதவன் தலை கூரையில் மோதும், கட்டி வைக்காத ஜாக்கியும் தோட்டாப் பெட்டியும் உள்ளேயே பறக்கும். உடம்பில் ஒரு ஓட்டைகூட இல்லாமல் ஆள் இறந்துபோவது இப்படித்தான். அதனால் சீட்டைக் கூரையிலோ சுவரிலோ தொங்கவிட வேண்டும், அடியை வாங்கி அமுங்கும் அமைப்பு வேண்டும், கால் வைக்க தரையைத் தொடாத பலகை வேண்டும். பெல்ட் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கும் மேகசின் பைகளுக்கும் மேலே எட்டும் நீளத்தில் இருக்க வேண்டும், எட்டாத பெல்ட்டை எவனும் போட மாட்டான். மே மாதம் மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஏ.சி. வேலை செய்யாவிட்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போவார்கள், அப்போது அந்தக் கூடு இருந்தும் இல்லாத கணக்கு.

எங்கள் கரைக்கு எதிரே நடந்ததையும் சொல்கிறேன். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கண்ணிவெடித் தாக்குதலில் இலங்கை ராணுவத்தினர் 13 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து தமிழர்கள் மீது நடந்த கொலைவெறிக்குத் தப்பி வந்தவர்கள் எங்கள் கரையில்தான் இறங்கினார்கள், மண்டபம் முகாம் இன்றும் இருக்கிறது. அதன்பின் இலங்கை ராணுவம் தென்னாப்பிரிக்காவிலிருந்து பஃபலை வாங்கியது, அதைப் பார்த்துத் தானே யூனிபஃபல் என்று செய்தும் கொண்டது. இலங்கைத் தமிழர்கள் பவள் என்று சொல்லும் அந்தக் கவச வண்டி என்றால் முகாமில் இருக்கும் பெரியவர்களுக்கு வரும் நினைவு வேறு, அவர்கள் முன்னால் இந்த வண்டியின் பொறியியலை நான் மெச்சிப் பேச மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். பஃபல் கையில் இருந்தும் 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலியில் இலங்கை ராணுவத்தின் வடபகுதித் தளபதி கொப்பேகடுவவும் மற்ற அதிகாரிகளும் கண்ணிவெடியில் இறந்தது வேறு சாதாரண வண்டியில். படையிடம் வண்டி இருப்பது வேறு, வெடிக்கும் நேரத்தில் ஆள் அதற்குள் இருப்பது வேறு.

பீஜப்பூரும் சுக்மாவும் இருக்கும் பஸ்தரில் மாவோயிஸ்ட் பிரச்சினை முடியப்போகிறது, இனி எதற்குச் செலவு என்றும் சிலர் கேட்கிறார்கள். இலங்கையில் போர் முடிந்தது 2009இல். முகமாலையில் அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக மண்டியிட்டுக் கண்ணிவெடி தோண்டினார்கள். மண்ணுக்குள் இருக்கும் வெடிக்குப் போர் முடிந்தது தெரியாது.

நான் கேட்பது இதுதான். வெடி அபாயம் உள்ள சாலையில் வாடகை வண்டியில் ஆள் ஏற்றுவதை எழுத்துமூலம் தடை செய்யுங்கள். போக வண்டி இல்லை என்றால் சாலையில் வெடி இருக்கிறதா என்று முன்னால் சோதித்துப் போகும் ரோடு ஓப்பனிங் பார்ட்டியோடு நடந்தே வரட்டும். மத்தியப் படைக்கு ஒரு வண்டி, மாநிலக் காவலருக்கு இன்னொன்று என்ற பாகுபாடு வேண்டாம். அடுத்த எம்.பி.வி.யை வெடிவைத்துச் சோதிக்கும்போது ஆளுக்குப் பதில் உள்ளே உட்கார வைக்கும் பொம்மையின் முதுகிலும் காலிலும் பதிவான அளவுகளை அந்த வண்டியில் போகப்போகிற படைக்குக் காட்டுங்கள். வரைபடம் போடும் முன்பே டிரைவர்களையும் மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு, முழு ஜாக்கெட்டோடு சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் எட்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் வந்தால் சத்தீஸ்கரில் எம்.பி.வி. ஓட்டி லீவில் வந்திருக்கும் பையன்களை நானே கூட்டி வருகிறேன், ஒரு நாள் பேசுங்கள்.

இப்படிக்கு,
உச்சிப்புளி பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக்