அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்: இலக்கியப் பரிசு நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம்.

நான் திகில் கதை எழுதுகிறவள். எழுதியதை நானே பதிப்பிக்கவும் செய்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு புத்தகங்கள் வந்திருக்கின்றன. பரிசு அறிவிப்பு ஏதாவது வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் விதிமுறைகளைத்தான் பார்ப்பேன். வெளியான ஆண்டு பொருந்தும், பக்க அளவு பொருந்தும். அப்புறம் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ அந்த வரி வந்துவிடும்: ‘ஆசிரியரே பதிப்பித்த நூல்கள் ஏற்கப்படமாட்டா.’ அதோடு மூடிவைத்துவிடுவேன்.

பல ஆண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். சென்ற மாதம் புதிதாக எழுத வந்திருக்கும் ஒரு பெண், “என் புத்தகத்தை நானே போட்டால் அது புத்தகமாக எண்ணப்படாதா?” என்று என்னிடம் கேட்டாள். ‘எண்ணப்படும்’ என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வரி ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். பணம் கட்டினால் எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. என் முதல் நாவலே அப்படி ஒன்றில்தான் வந்தது. முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். எடிட்டிங் உண்டு என்று சொன்னவர்கள் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. பதினோராம் அத்தியாயம் இரண்டு முறை அச்சாகியிருந்தது, பன்னிரண்டாவது அத்தியாயமே இல்லை. மூன்று ஆண்டு உழைப்பை அந்தக் கோலத்தில் கையில் வாங்கியபோது அழுதேன். அப்படிப்பட்ட நூல்கள் உங்கள் மேசையில் குவியக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

ஆனால் அந்த வரி இரண்டு வேறு தொழில்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அந்த நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் எழுத்தாளர்தான், வாசகர் இல்லை. புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. நான் இப்போது செய்வது பதிப்பாளரின் வேலை. எடிட்டரைத் தேடிப்பிடிப்பதும், அச்சுப் பிழை திருத்த மெய்ப்புப் பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும், அட்டை ஓவியரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதும் நான்தான். புத்தகம் விற்றால்தான் போட்டது திரும்பும். வாசகர் ஏமாந்தால் அடுத்த புத்தகத்துக்கு அவர் வரமாட்டார். இதைவிடக் கறாரான தணிக்கை வேறு என்ன வேண்டும்?

என் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அட்டையின் உள்ளே நடப்பது உங்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை என்பதால்தான்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று மாதம் தொடாமல் வைத்துவிடுவேன். பயத்தை எழுதியவருக்கு அந்தப் பயம் வராது. எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமே. மறந்த பிறகு படித்தால்தான் எந்த இடம் இற்றுப்போயிருக்கிறது என்று புரியும். அப்புறம் கதையைப் பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேரிடம் கொடுப்பேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படிப்பதை எங்கே நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தீர்கள்? அந்த இடங்களைக் குறித்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் எடிட்டர். என்னுடைய எடிட்டர் சிவப்பு மையில் அதிகம் எழுதுவது ‘இங்கே பயம் வரவில்லை’ என்ற மூன்று சொற்களைத்தான். ஒரு நாவலில் பதினாறு இடத்தில் அப்படி எழுதியிருந்தார். பதினாறையும் திருத்த ஐந்து மாதம் ஆயிற்று. பதிப்பகம் ஒன்று என் தலைக்கு மேல் இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது பக்க வடிவமைப்பு. மற்ற வகை எழுத்தில் இது அலங்கார வேலையாக இருக்கலாம். திகிலில் இது கதையின் உள்ளேயே வந்துவிடுகிறது. அச்சுப் புத்தகத்தில் வலப்பக்கம் எப்போதும் ஒற்றை எண். அதன் கடைசி வரிக்கும் அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கும் நடுவே வாசகரின் விரல் ஒரு தாளைப் புரட்டுகிறது. அந்த அரை நொடி எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. கதவின் தாழ்ப்பாள் அசைவது வலப்பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும். உள்ளே நிற்பது யார் என்பது தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதே கதவு இடப்பக்கத்தின் நடுவில் திறந்தால் பாதி பயம் போய்விடும். ஏனென்றால் கண் ஒழுங்காக வரிவரியாகப் போவதில்லை. பக்கத்தைத் திறந்ததுமே அது முழுப் பக்கத்தையும் ஒருமுறை மேய்ந்துவிடும். கீழே தனியாக நிற்கும் ஒற்றை வரிப் பத்தி முதலிலேயே கண்ணில் பட்டுவிடும். அதனால் அதிர்ச்சியைத் தனி வரியாக நிறுத்துவதைவிட, ஒரு நீளமான பத்தியின் வயிற்றுக்குள் ஒளித்துவைப்பது பல நேரம் பலிக்கும்.

மின்நூலில் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துபோகும். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் முறிகிற இடமும் மாறிவிடும். அங்கே தாளைப் புரட்டும் அந்த அரை நொடியை வாக்கியத்துக்குள்ளேயே உண்டாக்க வேண்டியிருக்கிறது. வினைமுற்றைக் கடைசிவரை தள்ளிப்போட நம் மொழி இடம் கொடுக்கிறது. யார், எங்கே, எதைக் கையில் வைத்துக்கொண்டு என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, என்ன செய்தார் என்பதை முற்றுப்புள்ளிக்கு ஒட்டி வைக்கலாம். அச்சுக்கு ஒரு விதமாகவும் மின்நூலுக்கு வேறு விதமாகவும் சில பத்திகளை நான் இரண்டு முறை எழுதுகிறேன். வடிவமைப்பும் என் கையில் இருப்பதால்தான் இது முடிகிறது.

மற்ற வேலைகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கட்டைவிரல் நக அளவிலும் அடையாளம் தெரிகிற அட்டை, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், பின்னட்டைக் குறிப்பு, அட்டைப் படம் பயமுறுத்துகிறது என்று திரும்பிவரும் விளம்பரங்கள். எல்லாம் பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது. திகில் என்றதும் சிலர் முகத்தில் வரும் அந்தச் சலிப்பு. விதிமுறையில் எழுதப்படாத இன்னொரு விதி அது. பயமுறுத்துவது எளிது, நாலு சொட்டு ரத்தம் போதும் என்று நினைக்கிறார்கள். தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகைக்கும் அழுகைக்கும் உவகைக்கும் சமமாக அச்சத்தையும் வைத்தார். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குச் சொன்னவர், அதில் முதலாவதாக வைத்தது அணங்கை, அதாவது வருத்தும் தெய்வத்தை. விலங்கும் கள்வரும் இறை எனப்படும் அரசனும் அதற்குப் பிறகுதான். அழுகையை எழுதினால் இலக்கியம், அச்சத்தை எழுதினால் பொழுதுபோக்கு என்ற பிரிவினை அவரிடம் இல்லை. போர் வெற்றியைப் பாடும் பரணி நூல்களை எழுதிய புலவர்கள் பேய்களைப் போர்க்களத்தில் கூழ் சமைக்க வைத்தார்கள்; அது தரம் குறைந்த பாட்டு என்று யாரும் தள்ளவில்லை. ஆங்கிலத்தில் பேய்மாளிகை நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஆன் ராட்கிளிஃப், அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், அச்சத்தையும் கோரத்தையும் பிரித்துக் காட்டினார். அச்சம் மனத்தை விரித்து விழிக்க வைக்கும், கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அவர் கருத்து. ரத்தத்தைக் காட்டாமலே பயத்தை வரவழைக்கத்தான் எங்களில் பலர் வாழ்நாளைச் செலவழிக்கிறோம்.

பெயரையும் பதிப்பகத்தையும் பார்த்து மதிப்பிடுவதில் என்ன ஆபத்து என்பதற்கு எங்கள் வகையிலேயே பழைய சான்று இருக்கிறது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரியில் வெறும் 500 படிகளாக வந்தது. அதற்கு முன் அதை மறுத்த பதிப்பாளர்கள் உண்டு. அட்டையிலும் உள்ளேயும் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரை எழுதிய கணவர்தான் கதையையும் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் ஏறியது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1827இல், தன் 18ஆம் வயதில், ஒரு இளம் அச்சுக்காரரைப் பிடித்துத் தன் முதல் கவிதை நூலைச் சுமார் 50 படிகள் அடித்தார். அதிலும் அவர் பெயர் கிடையாது. இன்றைய விதிமுறையை வைத்துப் பார்த்தால் அந்தச் சிறு நூல் முதல் மேசையைக்கூடத் தாண்டியிருக்காது.

உங்கள் தரப்பு நியாயத்தையும் மறைக்க மாட்டேன். செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை வைத்து ஒரே நாளில் புத்தகம் உண்டாக்குகிறார்கள். 2023 செப்டம்பரில் அமேசானின் கிண்டில் பதிப்புத் தளம், ஒருவர் ஒரு நாளில் மூன்று தலைப்புகளுக்கு மேல் புதிதாக ஏற்றக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டி வந்தது. ஒரு நாவலுக்கு இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்கிற எனக்கு அந்த எண்ணைப் படித்தபோது வயிறு கலங்கியது. கதவைத் திறந்துவிட்டால் இந்த வெள்ளம் உள்ளே வரும் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. நீங்கள் நாலைந்து பேர், உங்களுக்கும் வேறு வேலைகள் உண்டு.

ஆனால் வழி இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. மிகுபுனைவு (ஃபேண்டஸி) எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015இல் தன்பதிப்பு நூல்களுக்கு மட்டும் ஒரு போட்டி தொடங்கினார். அது நிலைபெற்ற பிறகு வந்த கணக்கு இது: 300 நூல்கள், பத்து விமர்சகர்கள், ஆளுக்கு முப்பது. ஒவ்வொருவரும் தன் பங்கிலிருந்து ஒன்றை மட்டும் இறுதிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பத்தையும் எல்லோரும் படிக்க வேண்டும். முப்பதையும் கடைசிவரை படிக்கக் கட்டாயம் இல்லை. தேறாத புத்தகம் பெரும்பாலும் சில பக்கங்களிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். திகில் எழுத்தாளர் சங்கம் அமெரிக்காவில் வழங்கும் பிராம் ஸ்டோக்கர் விருதுக்குத் தன்பதிப்பு நூல்களும் தகுதி பெறும். அதனால் அந்த விருதின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

நான் கேட்பது இதுதான். முதல் சுற்றில் பெயரும் பதிப்பகமும் இல்லாமல் முதல் இருபது பக்கங்களை மட்டும் வாங்குங்கள். அதை மின்படியாக வாங்குங்கள். ஆறு அச்சுப்படி அனுப்பச் சொல்லும்போது, ஆயிரக்கணக்கில் அடிக்கும் பதிப்பகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக அச்சிடும் முறையில் என் கையில் வரும் படி ஒவ்வொன்றுக்கும் முழு விலை நான் கொடுக்கிறேன். ஆறு படி, தபால் செலவு, நுழைவுக் கட்டணம் என்று மூன்று பரிசுகளுக்கு அனுப்பினால் ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநரின் சம்பளம் போய்விடும். இருபது பக்கம் தேறினால் முழுப் புத்தகத்தைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு அனுப்புகிறேன். கூடவே எடிட்டர் யார், மெய்ப்புப் பார்த்தது யார் என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். காசுக்கு அச்சடிக்கும் நிறுவனங்களின் நூல்கள் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே நின்றுவிடும். தேறாவிட்டால் தள்ளிவிடுங்கள், வருத்தமில்லை. என் புத்தகம் படிக்கப்பட்டுத் தோற்றது என்றால் அது எனக்குப் பயன்படும் செய்தி.

பரிசு எதற்கு, வாசகர்கள் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வாசகர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருமுறை ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது, என் கதையில் வரும் பயம் முடிகிற பயம் என்பதால் அதைப் படித்துவிட்டுத் தூங்குகிறேன் என்று. அந்தக் கடிதத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். ஆனால் அவர் என் புத்தகத்தைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். நூலகங்கள் பரிசுப் பட்டியலைப் பார்த்து வாங்குகின்றன, கடைகள் மதிப்புரை வந்த நூலை எடுத்துவைக்கின்றன, மதிப்புரை எழுதுகிறவர்கள் திரும்பவும் பரிசுப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் கையில் இருக்கிறது. பட்டியலில் கடைசிப் பெயராக வந்தால்கூட, என் புத்தகம் தேவைப்படும் இன்னொரு நர்ஸின் கைக்கு அது தற்செயலை நம்பாமல் போய்ச்சேரும்.

அடுத்த அறிவிப்பை நீங்கள் எழுத உட்காரும்போது, சென்ற ஆண்டின் விதிமுறைகளை அப்படியே எடுத்து ஒட்டாமல் அந்த ஒரு வரியில் மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசுங்கள். புதிதாக எழுத வந்த அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அவளிடம் அப்படியே சொல்கிறேன்.

என் எட்டாவது நாவலின் மெய்ப்பு இப்போது மேசைமேல் இருக்கிறது. 118ஆம் பக்கத்தில் திறக்க வேண்டிய கதவு, 117இன் கடைசி வரியிலேயே திறந்துவிடுகிறது. எங்கேயாவது இரண்டு வரி கூட்ட வேண்டும். அதைப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
தன் புத்தகங்களைத் தானே பதிப்பிக்கும் ஒரு திகில் எழுத்தாளர்