முட்டுக்கட்டை போட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் புதிய பருவத்தில் மூன்று நாடகங்கள் மேடையேறுகின்றன. நடிகர்களின் பெயர்கள் சுவரொட்டியில் வந்துவிடும். இந்த மடல், சுவரொட்டியில் இடம் கிடைக்காதவர்களுக்கு.

முதல் நன்றி தச்சு வேலை கற்றுத்தந்த ஐயாவுக்கு. மேடையில் சுவராக நிற்கும் 8க்கு 4 அடித் தட்டிகள் பன்னிரண்டு. அவற்றையே திருப்பிப் போட்டு வீடு, கடை, மருத்துவமனை என்று மூன்று நாடகத்துக்கும் செட் அமைக்கலாம் என வகுத்தவர் அவர்தான். 6 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். சட்டம் அடித்த பிறகும் இரண்டு பேர் தூக்கிவிடலாம். 12 மி.மீ. வாங்கியிருந்தால் பலகை மட்டுமே 20 கிலோ. இருட்டில், அரை நிமிடக் காட்சி மாற்றத்தில் அதை யார் இழுப்பது? தட்டிகளை ஆணியால் இணைக்காமல், முளையை உருவினால் பிரிந்துவிடும் கீல்களைப் போடச் சொன்னதும் அவரே.

சாயம் பூசுவதிலும் ஒரு நுணுக்கம் சொன்னார். முன்பக்கம் மட்டும் பூசினால், நம் ஊர் ஈரக்காற்றில் பூசாத பக்கம் ஈரத்தை இழுத்து, தட்டி வில்லாக வளைந்துவிடும். பின்பக்கமும் ஒரு கை பூச வேண்டும். அடுத்தது முட்டு: ஒவ்வொரு தட்டிக்கும் பின்னால் முக்கோணச் சட்டம், அதன் அடியில் 15 கிலோ மணல்மூட்டை. மற்ற காரியங்களில் முட்டுக்கட்டை போடுபவரை யாரும் வாழ்த்துவதில்லை. மேடையில் அது இல்லையென்றால், கோபத்தில் கதவைச் சாத்தும் காட்சியில் சுவரும் சேர்ந்து ஆடும்.

சிங்கப்பூர்த் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அடுத்த நன்றி. கம்பியில்லா மைக்கின் பெட்டியை வேட்டியில் செருகினால் கனம் வேட்டியை இறக்கிவிடும். அதற்காக அவர் பை வைத்த எலாஸ்டிக் பட்டிகள் தைத்துத் தந்தார். மைக்கைப் பட்டுச்சேலையின் முந்தானையில் குத்தினால் வசனத்தைவிடச் சரசரப்புதான் அதிகம் கேட்கும். நெற்றி வகிடுதான் அதற்குச் சரியான இடம். வியர்வை, மைக்கையும் பெட்டியையும் இணைக்கும் கம்பி வழியே இறங்கிப் பெட்டிக்குள் போகாமலிருக்க, பெட்டிக்கு முன் கம்பியை ஒரு வளையமாகத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் புது பேட்டரி, மிச்சமுள்ளவை ஒத்திகைக்கு.

தமிழ் வசனங்களுக்குத் திரையில் காட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளை எழுதிய நண்பர்களின் வேலை வெளியே தெரியாது, தெரியவும் கூடாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். நகைச்சுவையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் திரையில் போட்டால், நடிகர் வாய் திறந்து முடிப்பதற்குள் பாதி அரங்கம் சிரித்துவிடும். அதனால் ஒரு வசனத்தை இரண்டாக வெட்டி, சிரிப்பு வரவேண்டிய சொல்லை அடுத்த பக்கத்தில் வைத்தார்கள். திரையில் இரண்டு வரிக்கு மேல் இல்லை. நடிகர் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால் கணினியில் 'பி' (B) விசையை அழுத்தித் திரையை இருட்டாக்கி, சரியான இடத்தைப் பிடித்த பிறகு திறக்க வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிந்தவரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியும்.

ஒத்திகைக்கு அறை தந்த சமூக மன்றத்தினருக்கும், சுங்கை காடுட் தொழிற்பேட்டையிலிருந்து பலகைகளை 14 அடி லாரியில் ஏற்றிவந்த அண்ணனுக்கும், இரவு பத்து மணிக்கும் சூடாகப் புரோட்டா அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

பித்தளைக் குத்துவிளக்கும் ஆட்டுக்கல்லும் இரவல் தந்த குடும்பத்தாருக்கு ஒரு செய்தி. அரங்கத்தில் தீ கூடாது என்பதால் விளக்கில் எண்ணெய் ஊற்றவில்லை, பேட்டரித் திரிதான் எரிகிறது, கரி படியாது. கடைசிக் காட்சிக்கு மறுநாள் காலை செட்டைப் பிரிப்போம். விளக்கை நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். ஆட்டுக்கல்லுக்கு மட்டும் தள்ளுவண்டியோடு யாராவது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மேடைப் பணிக் குழுவினர்